காயலில் முதல் நாள்

வெளிநாட்டுக்கு ஓதப் போகும் பிள்ளைகளின் தாய்மார், பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது என்னைத் தேடி வருவது வழக்கம். உடுப்பு எத்தனை சோடி வேண்டும், கருவாட்டுச் சம்பலை எப்படிக் கட்டிக் கொடுத்தால் பழுதாகாது, கையில் எவ்வளவு காசு கொடுக்கலாம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பிள்ளை போய் இறங்கும் முதல் நாள் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் கண்ணீர் வந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். யாரும் கேட்காததால் அதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த முதல் நாள் என்னுடையதுதான்.

இன்று நம் பிள்ளைகள் மதீனாவுக்கும் மலேசியாவுக்கும் துருக்கிக்கும் போகிறார்கள். மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் ஓதப் போவது என்றால் தமிழகம்தான். மூத்த ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் வரும் பட்டமே அவர்கள் ஓதிய இடத்தைச் சொல்லிவிடும். பாகவி என்றால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், ரஹ்மானி என்றால் அதிராம்பட்டினம், மஹ்ழரி என்றால் காயல்பட்டினம். அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள். 1914 முதல் அந்தக் கப்பல் தனுஷ்கோடிக்கு ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடி, 1984இல் அதுவும் நின்றுபோனது. பெட்டியைத் தலையணையாக வைத்துப் படுத்துக்கொண்டு கடல் கடந்த கதையை எங்கள் உஸ்தாத்மார் சொல்லச் சொல்ல, எங்களுக்குக் கிதாபு மறந்து போகும்.

எனக்கு அந்தக் கப்பல் வாய்க்கவில்லை. 2002ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1423 ரஜப் மாதம், எங்கள் அரபுக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் எட்டுப் பேரும் ஓர் உஸ்தாதும் காயல்பட்டினம் போனோம். அங்கே ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் முப்பது நாட்கள் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கும். அதன் கடைசி நாட்களில் கலந்துகொள்வதும், அவ்வூர் ஆலிம்களிடம் சில பாடங்களைக் கேட்பதும் நோக்கம். எனக்கு வயது 22. அதுவரை நான் கொழும்பையே இரண்டு தரம்தான் பார்த்திருந்தேன்.

பயணத்துக்கு உம்மாவிடம் சம்மதம் வாங்கியது லேசான காரியமாக இருக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் 1990ஐச் சொல்லாமல் முடியாது. அவ்வருடம் ஓகஸ்ட் 3, வெள்ளி இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் ஷஹீதானார்கள். சிறுவர்களும் அதில் அடங்குவர். என் வாப்பா அன்று முன் ஸப்பில் நின்றிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. காய்ச்சல் என்று உம்மா என்னை அனுப்பவில்லை.

அன்றிலிருந்து உம்மாவிடம் ஒரு பழக்கம் வந்தது. நான் இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்குள் கால் வைக்கும் வரை அவ சோறு தின்னமாட்டா. எங்கள் ஊரிலேயே ஓதியதால் இரவில் வீட்டுக்கு வந்துவிடுவேன். பள்ளியில் பயான் நீண்டு பத்து மணியானாலும் கோப்பை மூடியபடியே இருக்கும். ஏனென்று நான் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடம் அப்படித்தான் போனது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுவது குறைந்தது. அந்த நம்பிக்கையில்தான் அவ கடைசியில் தலையாட்டினா. பஸ் ஏறும்போது அழவில்லை. பையில் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலைச் சொருகிவிட்டு, “பெயித்து வாங்க மகன்” என்றதோடு சரி.

இரவு முழுதும் பஸ். விடியக் கொழும்பு. அங்கிருந்து விமானம், ஒரு மணி நேரம்கூட இல்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி வெளியே வந்தால் பலகைகள் எல்லாம் மலையாளம்! தமிழ்நாட்டுக்கு வந்தும் ஓர் எழுத்தும் வாசிக்க முடியவில்லையே என்று எங்களில் ஒருவர் திகைத்தது இன்றும் நினைவிருக்கிறது. நாகர்கோவில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தது. அங்கிருந்து திருச்செந்தூர், பிறகு சற்று வடக்கே காயல்பட்டினம். அஸருக்குப் பின் போய்ச் சேர்ந்தோம். எட்டுப் பேரையும் எட்டு வீடுகளுக்குப் பங்கிட்டார்கள்.

காயல் என்ற சொல்லுக்குக் கடலை ஒட்டிய நீர்நிலை என்று பொருள். நாங்கள் வாவி என்று சொல்வதும் அதைத்தான். பெயர் மட்டுமல்ல, ஊரின் நடைமுறையும் எனக்குப் பழகியதாக இருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. உம்மா வீட்டை மகளுக்குக் கொடுப்பா, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மகள்மார் கூடக் கூட வளவு சுருங்கிச் சுருங்கி, இன்று காத்தான்குடியில் கோழி வளர்க்கவும் இடமில்லை. காயலிலும் அப்படியே வீடு பெண்ணுக்குத்தான். வீடுகளுக்கு இடையில் முடுக்கு என்று ஒடுக்கமான சந்துகள் விட்டிருக்கிறார்கள். ஆண்கள் நடமாடும் தெருவுக்கு வராமலே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய்வருவார்கள். பெண்கள் தொழவும் ஓதவும் தனித் தைக்காக்கள் இருக்கின்றன. வாப்பா, உம்மா, காக்கா என்ற அழைப்பும் நம் அழைப்புத்தான். அஸர் நேரமும் ஸுப்ஹில் குனூத்தும் அப்படியே, இரு கரையாரும் ஷாஃபிஈ மத்ஹபுதானே.

என்னைப் பொறுப்பெடுத்த ஹாஜியாருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. வாலிபத்தில் கொழும்பில் மாணிக்கக் கல் வியாபாரத்தில் இருந்தவர். பிறகு இந்திய வியாபாரிகளுக்கு விசாக் கெடுபிடி கூடியதும் ஊர் திரும்பியவர். இலங்கைப் பிள்ளை என்றதும் அவருக்கு வந்த சந்தோஷத்தில் வாசற்படியிலேயே சிங்களத்தில் நலம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சிங்களம் எங்கே வரும்? “ஹொந்தாய், ஹொந்தாய்” என்று இரண்டு தரம் சொல்லிச் சமாளித்தேன். மூன்றாவது கேள்வியில் அவருக்கு விளங்கிவிட்டது. “தம்பியை விட எனக்குத்தான் சிங்களம் கூட” என்று சிரித்தபடி தமிழுக்கு வந்தார்.

பிறகு அவர் செய்ததை, வீட்டுக்கு விருந்தாளி வரும் சகோதரிகள் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். பயணம் எப்படி, நாட்டு நிலைமை எப்படி என்று ஒன்றையும் கேட்கவில்லை. முதலில் கிப்லா இந்தப் பக்கம் என்று கையால் காட்டினார். அடுத்ததாக ஒதுங்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, துவாய். அதற்கடுத்து என் பெட்டியை வைக்கவும் படுக்கவும் உள்ள அறை. அதன் பிறகு தேத்தண்ணீர். புது வீட்டில் கூச்சத்தோடு நிற்கும் ஒருவன் வாய் திறந்து கேட்க முடியாத நான்கு காரியங்களும் அவன் கேட்காமலே முடிந்தன.

இப்ராஹீம் (அலை) அவர்களிடம் முன்பின் தெரியாத விருந்தினர் வந்த சம்பவம் குர்ஆனில் ஸூரா ஹூதிலும் ஸூரா தாரியாத்திலும் வருகிறது. அவர்கள் வந்தவர்களிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. சத்தமில்லாமல் வீட்டாரிடம் போய் பொரித்த கன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். கேட்டால் வேண்டாம் என்பது விருந்தாளியின் இயல்பு என்று முஃபஸ்ஸிர்கள் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆயத்துகளில் இன்னொரு செய்தியும் உண்டு. ஸூரா ஹூதில், அவருடைய மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தார் என்று வருகிறது. இந்த இடத்தைப் படித்துக்கொடுக்கும் போதெல்லாம் நான் சற்று நின்றுதான் போவேன். விருந்தளித்த புகழ் ஆணுக்குப் போகும், நின்றுகொண்டிருப்பது பெண்தான்.

அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தவரை நான் கடைசி வரை பார்க்கவில்லை. அறைக்கும் உள்கட்டுக்கும் நடுவில் ஒரு திரை. தேத்தண்ணீர்க் கோப்பையை ஹாஜியாரிடம் நீட்டிய சுருக்கம் விழுந்த கை ஒன்று, அதன் பின்னால் ஒரு குரல். அவ்வளவுதான் எனக்கு அந்த வீட்டு உம்மா.

மஃரிபுக்கு ஹாஜியாரோடு பள்ளிக்குப் போனேன். வழியில் அவர் காட்டிக்கொண்டு வந்த இடங்களுக்கெல்லாம் ஒவ்வொரு பெயர் இருந்தது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நம் மூத்தவர்கள் சொல்லும் இமாமுல் அரூஸ் (1816 – 1898) பிறந்த ஊர் இது. கீழக்கரையில் வாழ்ந்து, இலங்கைக்குப் பலமுறை வந்து, ஊர் ஊராகப் பள்ளிகளும் தைக்காக்களும் கட்டுவித்தவர். அவர் எழுதியவற்றில் பெரும் பகுதி அரபுத்தமிழ். தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதுவதைத்தான் அப்படிச் சொல்வது. தமிழ் எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போகாத நம் மூத்தம்மாமார் குர்ஆன் ஓதப் படித்த எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டமும் மாலையும் வாசித்தது அதனால்தான். அவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று குடிசன மதிப்பில் எழுதிவைத்தார்களே, அது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

இஷாவும் தொழுது வீட்டுக்கு வந்தோம். அறையில் சுப்றா விரித்து, கை கழுவ படிக்கமும் கெண்டியும் தயாராக இருந்தன. எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில் ஒரு சஹனுக்கு ஆறு பேர் வரை உட்காருவோம். அங்கே ஹாஜியார், அவருடைய மூத்த மகன், நான் என்று மூன்று பேருக்கு ஒரு சஹன். நெய்ச்சோற்று வாசம் வந்தது. முதல் நாள் பகலிலிருந்து பஸ்ஸிலும் கடைகளிலும் தின்றதுதான், வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஹாஜியார் பிஸ்மி சொல்லப் போனார்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் என்னிடம் நேராகப் பேசியது.

“தம்பி, ஊருக்கு டெலிபோன் பண்ணியாச்சா?”

நான் எங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன். நாளைக் காலையில் உஸ்தாத் எங்கள் கல்லூரிக்குப் பேசுவார், அவர்கள் எட்டு வீட்டுக்கும் ஆளனுப்பிச் சொல்லுவார்கள். புறப்படும்போதே எல்லா வீட்டாருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தது.

“நாளைக்கா?” என்றது குரல். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, “அதுவரைக்கும் ஒங்க உம்மா சாப்பிட்டிருக்க மாட்டாஹளே!”

சகோதரிகளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காத்தான்குடியைப் பற்றியோ, வாப்பாவைப் பற்றியோ, உம்மாவின் பழக்கத்தைப் பற்றியோ அந்த வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஹாஜியார் பக்கம் பார்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நான் கொழும்பில இருந்த காலத்தில கடிதம் பிந்தினா இவ அப்படித்தான் கெடப்பா. எனக்கே திரும்பி வந்துதான் தெரியும்.”

சஹனை மூடிவைத்தார்கள். அந்த வீட்டு டெலிபோனில் வெளிநாட்டுக்குப் பேச வசதியில்லை. மூத்த மகன் என்னைத் தெருமுனையில் மஞ்சள் பலகை போட்ட ஐ.எஸ்.டி. கடைக்குக் கூட்டிப் போனார். இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. விமானத்தில் ஏறும்போதே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுகிறார்கள். அன்று எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. எங்கள் ஒழுங்கைச் சந்தியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குத்தான் எடுக்க வேண்டும். முதலில் எடுத்து உம்மாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு வைத்துவிடுவது, பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுப்பது. அக்காலத்தில் எங்கள் நாட்டு மணி இந்தியாவை விட அரை மணி நேரம் முந்தி ஓடியது. 2006 ஏப்ரலில்தான் இரண்டும் ஒன்றாயின. காயல் கடைச் சுவரில் மணி எட்டரை. ஊரில் ஒன்பது. கடை பூட்டியிருக்குமோ என்று நெஞ்சு அடித்தது.

பூட்டவில்லை. அந்தப் பத்து நிமிடமும் நான் மீட்டரில் இருந்த சிவப்பு இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தரம் எடுத்தபோது ஸலாத்துக்கு முன்னால் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. ஓடி வந்திருக்கிறா.

“சாப்பிட்டயா மகன்?”

“இன்னும் இல்லம்மா. உங்களுக்குச் சொல்லிப்போட்டு வந்து சாப்பிடச் சொன்னாங்க.”

“ஆரு மகன் அப்படிச் சொன்ன?”

“இந்த வீட்டு உம்மா. நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்களாம்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு விட்டுப்போச்சோ என்று நான் இரண்டு தரம் “உம்மா” என்றேன். பிறகு குரல் வந்தது, பஸ் ஏற்றும்போது வராத அழுகையெல்லாம் அதில் இருந்தது. “அவவுக்கு எண்ட ஸலாத்தச் சொல்லு மகன். நான் பெயித்துத் தின்னுறன் எண்டும் சொல்லு.”

ஒருவருடைய ஸலாத்தை ஏற்றுக்கொண்டால் அது அமானத். வீட்டுக்கு வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் திரையைப் பார்த்து, “எங்கட உம்மா உங்களுக்கு ஸலாம் சொன்னாங்க” என்றேன். “அலைக்க வ அலைஹஸ்ஸலாம்” என்று பதில் வந்தது. கொண்டுவந்த என் மீதும், அனுப்பிய அந்தப் பெண் மீதும் ஸலாம். அனுப்பியவர் ஆணாக இருந்தால் அலைஹி, பெண்ணாக இருந்தால் அலைஹா. நஹ்வு ஓதும் மாணவர்களே பேச்சில் தடுமாறும் இடம் அது. மத்ரஸா வாசலை மிதிக்காத அந்த மூதாட்டியின் வாயில் சுத்தமாக வந்தது. அடுத்த கேள்வி, “சாப்பிடுறதாச் சொன்னாஹளா?” என்பதுதான். ஓம் என்றேன். மூடிய சஹன் மறுபடி திறந்தது.

நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்பு. எல்லாம் முடிந்து ஒரு கிண்ணத்தில் வட்டிலப்பம் வந்தது. நாங்கள் வட்டலப்பம் என்போம். முட்டை, தேங்காய்ப்பால், ஏலம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் நாங்கள் கித்துள் கருப்பட்டி போடுவதால் எங்களுடையது கருஞ்சிவப்பாக இருக்கும். அங்கே சீனி போட்டு, மஞ்சள் பூத்த வெள்ளையாக இருந்தது. ஹாஜியார், கொழும்பில் தின்ற நிறமே நிறம் என்று இரகசியமாக என்னிடம் சொன்னார். திரைக்குப் பின்னால் அது கேட்டுவிட்டது. “நாப்பது வருஷமா இதையேதான் சொல்றாஹ” என்று பதில் வந்தது.

படுத்ததும் தூங்கிவிட்டேன். புது இடத்தில் தூக்கம் வராது என்பார்களே, அப்படியொன்றும் நடக்கவில்லை.

மற்ற நாட்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. மஜ்லிஸ் நல்லபடி நிறைவேறியது. விருந்து மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்ற ஹதீஸை நினைவூட்டி நான்காம் நாள் நான் கூச்சப்பட்டபோது, “அப்ப எங்களுக்கு ஸதகாவுடைய நன்மையும் ஈக்கட்டும்” என்று ஹாஜியார் வாயை அடைத்துவிட்டார். புறப்படும் நாளில் ஒரு பொதியும் அதற்கு மேல் மடித்த கடதாசி ஒன்றும் தந்தார்கள். உம்மாவுக்கு என்றார்கள்.

வீட்டில் அதை விரித்துப் பார்த்தால் முழுதும் அரபுத்தமிழ். ட, ங, ப போன்ற அரபியில் இல்லாத ஓசைகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் போட்ட எழுத்து. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. உம்மாவால் அதுவும் முடியவில்லை, அவ பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்தோடு வளர்ந்தவ. உம்மும்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் சத்தமாக வாசித்தா. சுகம் விசாரிப்பு நாலு வரி, எனக்குத் துஆ இரண்டு வரி. மிச்சமெல்லாம் வட்டிலப்பம் செய்யும் முறை. எத்தனை முட்டைக்கு எத்தனை தேங்காய், ஆவியில் எவ்வளவு நேரம் என்று அளவு பிசகாமல் எழுதியிருந்தது. எங்களுடையதற்கு நிறம் கறுப்பாமே என்று கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது.

அவ்வருடம் டிசம்பரில் வந்த நோன்புப் பெருநாளுக்கு உம்மா அந்த முறைப்படியே சீனி போட்டுச் செய்து பார்த்தா. எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொன்னோம். அவ ஒரு கரண்டி வாயில் வைத்து நெடுநேரம் யோசித்துவிட்டு, “ருசிதான். ஆனா இது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாமான்” என்றா. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கித்துள் கருப்பட்டி வாங்கிவரச் சொன்னா. காயலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அதை எழுத வேண்டாம் என்றும் சொல்லிவைத்தா.